சாமி சொன்ன சொக்கையா

என் சிரிப்பை நானே காதால் கேட்டது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். எர்ணாகுளத்தில் ஒரு சினிமா தியேட்டர். ஒரு வரிசை முழுவதையும் நானே டிக்கெட் வாங்கி நிரப்பி, நடுநாயகமாக உட்கார்ந்திருந்தேன். திரையில், தலையில் எண்ணெய் வழிய, நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு வியாபாரி தகரப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படகில் ஏறப் போய், கால் இடறி, கால்வாய்க்குள் தலைகுப்புற விழுந்தான். தியேட்டரே கொல்லென்று சிரித்தது. நானும் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். இப்படி ஒரு கோமாளி எங்கள் பஜாரிலும் இருந்தான் என்று பக்கத்திலிருந்த மகனிடம் சொல்லத் திரும்பியபோதுதான் கவனித்தேன், எங்கள் வரிசையில் என் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மகன், மருமகள், பேத்தி, சாயாக்கடை இக்கா, என் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. எல்லாரும் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் விற்று ஆளானவன். மீசை அரும்பும் முன்பே விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி ஆலுவாவில் இறங்கினேன். அங்கிருந்து ஒரு லாரியின் மூட்டைகளுக்கு மேலே படுத்தபடி இங்கே வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடம் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மலையாளம் சண்டை போடுகிற அளவுக்குப் பேசுவேன். ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் ஒரு மிளகைக் கடித்துவிட்டு அது வயநாட்டில் காய்த்ததா இடுக்கியில் காய்த்ததா என்று சொல்லிவிடுவேன். அடுத்தவன் பெட்டியை நான் சுமந்த இதே தெருவில் இன்று எனக்குச் சொந்தக் கிடங்கு இருக்கிறது. யார் தயவிலும் மேலே வந்தவன் இல்லை நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

படிக்காதவனுக்கு நாவலோடு என்ன உறவு என்று கேட்கலாம். அந்த உறவுக்குப் பெயர் சாமி. ஊரில் எல்லாரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் மலையாள நாவல்களை வாசிப்பார். சாயங்காலம் படகுத்துறைப் பக்கத்தில், ஊரே அண்ணன் என்ற பொருளில் இக்கா என்று கூப்பிடுகிறவரின் சாயாக்கடைக்கு வந்து, வாசித்ததை எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். புத்தகம் கையில் இருக்காது. ஒரு சாயா, ஒரு பழம்பொரி, ஒரு அத்தியாயம், அதுதான் வழக்கம். நடுநடுவே அன்றைக்கு மத்தி என்ன விலை, வல்லார்பாடத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் எங்கே வழியை அடைத்தன, மருமகள் வைத்த சாம்பாரில் உப்பு ஏன் கூடியது என்று எல்லாம் வந்து போகும். அப்புறம், "எங்கே விட்டேன்?" என்று சாமி கதைக்குத் திரும்புவார்.

இக்காவுக்குக் கடலும் பேயும் வருகிற நாவல்தான் பிடிக்கும். சாமிக்குக் கடைசியில் யாராவது அழவேண்டும். எனக்கோ கீழே கிடந்தவன் எழுந்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் சாயா இறங்காது. நாவலைச் சினிமாவாக எடுத்தால் உருப்படுமா என்ற சண்டை எங்களுக்குள் ஓய்ந்ததே இல்லை. "ஞான் வாயிக்கில்ல சாமி, எனிக்கு சினிமா மதி" என்பார் இக்கா, தனக்குச் சினிமாவே போதும் என்று. "உமக்கு வாசிக்கத் தெரிஞ்சும் வாசிக்கலை, இவர் வாசிக்கத் தெரியாட்டாலும் கேக்கறார். ரெண்டு பேர்ல ஆரு தேவலைன்னு சொல்லும்" என்பார் சாமி. "சந்தேகமென்ன, நான்தான்" என்பேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்த நாவலை ஆரம்பித்தார். மட்டாஞ்சேரியிலேயே நடக்கிற கதை. மிளகுக் கடைகள், படகுகள், ஒரு காதல் ஜோடி. "இதுல ஒரு மிளகு வியாபாரி வரான். தமிழ்நாட்டுக்காரன். பேரு சொக்கையா" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நம்ம ஆளா!" என்றேன். சாமி பேச்சை நிறுத்திவிட்டுச் சாயாவை எடுத்துக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் உதட்டிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "ஆமாம் அண்ணாச்சி, நம்ம ஆள்தான்" என்றார். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அந்த மழைக்காலம் முழுவதும் சொக்கையா எங்களோடு சாயா குடித்தான். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்த மூட்டையை, வாங்க வந்தவன் கண்ணெதிரிலேயே காயலில் கொட்டினான். வெள்ளம் வந்தபோது கிடங்கைத் திறந்துவிட்டு, தொழிலாளிகளின் பெண்டு பிள்ளைகளைச் சுக்கு மூட்டைகளின் மேல் படுக்கவைத்தான். கேட்கக் கேட்க எனக்கு மயிர் சிலிர்த்தது. ஏனென்றால் இரண்டையும் செய்தவன் நான். இதே சாயாக்கடையில் எத்தனையோ தடவை சொல்லியும் இருக்கிறேன். எழுதியவர் பஜாருக்கு வந்து விசாரித்திருக்கவேண்டும், யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். "அப்படியும் இருக்கலாம்" என்றார் சாமி. எனக்கு அது போதும். ஆயுதபூஜையன்று கிடங்கில் மைக் பிடித்து, மலையாள நாவலில் வருகிற சொக்கையா நான்தான் என்று அறிவித்தேன். புதிதாக வருகிற புரோக்கர்களிடமும் சொன்னேன். பேத்தியின் கல்லூரி வாசலில் அவளுடைய டீச்சரிடம்கூடச் சொன்னேன்.

அந்த நாவல் படமாகி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது சும்மா இருப்பேனா? வீட்டையும் கிடங்கையும் சாயாக்கடையையும் திரட்டிக்கொண்டு போனேன். சாமி மட்டும் வரவில்லை. "முட்டு வலிக்கறது" என்றார். ஆட்டோ அனுப்புகிறேன் என்றேன். "படியேற முடியாது" என்றார். லிப்ட் இருக்கிறது என்றேன். "எனக்கு சினிமா சரிப்படாது அண்ணாச்சி, விடுங்கோ" என்று போனை வைத்துவிட்டார்.

படம் தொடங்கியதும் ஒரு கடையின் பெயர்ப்பலகையைத் திரை நிறையக் காட்டினார்கள். மலையாள எழுத்து. எங்கள் வரிசையில் எல்லாரும் வாசித்தார்கள். எனக்கு அது வெறும் பலகை. அடுத்து அந்த எண்ணெய்த் தலையன் வந்தான், படகில் ஏறினான், விழுந்தான், நான் சிரித்தேன். சொக்கையா எப்போது வருவான் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அப்போது கரையிலிருந்து ஒருத்தன் கூவினான்: "எடோ சொக்கையா, பெட்டி கிட்டியோ?"

வாய் திறந்தபடி நின்றுவிட்டது. இருட்டில் பேத்தி என் கையைப் பிடித்தாள். "போர்டுலயே அவன் பேர் எழுதியிருந்தது தாத்தா" என்றாள் மெதுவாக. இடைவேளையில் யாரும் எழுந்து போகவில்லை. "போலாமாப்பா?" என்றான் மகன். "உட்காருடா, பாதிதானே ஆகியிருக்கு. இனிமே நல்லவனா மாறுவான்" என்றேன். அவன் மாறவில்லை. பப்பாளி விதையைத் தன் கையாலேயே கலந்தான். வெள்ளத்தில் ஜனங்கள் கதவைத் தட்டியபோது கிடங்கைப் பூட்டிவிட்டுக் கூரைமேல் குடைபிடித்து உட்கார்ந்தான். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து அவனை ரயிலேற்றி ஊருக்குத் துரத்தினார்கள். தியேட்டர் கைதட்டியது. வெளியே வந்ததும் இக்கா என் தோளில் கைபோட்டு, "சினிமாக்காரன்மார் கதையைக் கெடுத்துட்டாங்க அண்ணாச்சி. புக்கில் இங்ஙனெ அல்லல்லோ" என்றார். அதைப் பற்றிக்கொண்டேன். புத்தகத்தில் இப்படி இல்லை என்ற அந்த ஒரு வார்த்தையின் பலத்தில்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் சாமியின் வீட்டுக்குப் போனேன். "வாங்கோ அண்ணாச்சி, இரிங்கோ" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே கத்தினேன். படம் எடுத்தவனைச் சும்மா விடக்கூடாது, எழுதினவரிடமே போகவேண்டும், நாவலை வாசித்தவர் என்ற முறையில் நீங்கள்தான் வந்து சொல்லவேண்டும் என்றேன். சாமி நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சினிமாக்காரன் ஒண்ணும் மாத்தலை அண்ணாச்சி. மாத்தினது நானாக்கும்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், அதுவரை உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் என்னை ரயிலேற்றியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. கொச்சியில் ஓர் எழுத்தாளர் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டார் என்ற பெருமையில் நான் நிமிர்ந்து நடந்த நாளெல்லாம் ஒரு நிமிஷத்தில் கழன்று விழுந்தது. என்னைப் பற்றி எவரும் எழுதவில்லை. எதிரில் இருக்கிற இந்த மனுஷர் சாயா குடித்துக்கொண்டே சொன்னது, அவ்வளவுதான்.

சாமி தரையைப் பார்த்தபடி பேசினார். "நான் இதை முதல்ல படிச்சது ஆபீஸ்ல இரிக்கறச்சே. எல்லாரும் சத்தம்போட்டு வாசிச்சுச் சிரிப்பா. நானும் சிரிச்சேன். இது தமிழ்நாட்டுலேர்ந்து புதுசா வந்த பாண்டிக்காரனைப் பத்தி, நாங்க பழைய ஆளுகள், எங்களை இல்லைன்னு நெனைச்சுண்டேன். அன்னிக்கு உங்களுக்குச் சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க 'நம்ம ஆளா'ன்னேள். மலையாளத்துல வாசிச்சுச் சிரிச்ச அதே வாக்கியம், தமிழ்ல சொல்ல வாயெடுத்தா வரலை. எதிர்ல நீங்க இரிக்கேள். என்ன பண்றதுன்னு தெரியாம, உங்க கதையை எடுத்து அவன் தலையில வெச்சேன்."

"என்மேல பரிதாபமா?" என்றேன்.

"பரிதாபம் என்ன, பயம்" என்றார். "மறுநாள் நீங்க வராம இருந்துட்டா? பேரக்குட்டிகள் எல்லாம் மலையாளம். அவள் போனப்பறம் நான் வாயைத் திறந்து தமிழ் பேசறது உங்ககிட்ட மட்டும்தான்." அவருடைய மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என்னை ஏறிட்டுப் பார்க்காமலே கேட்டார்: "இனிமே வரமாட்டேளா?"

நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆபீசில் சிரித்தாராமே, அதைப் பிடித்துக்கொண்டு நன்றாக நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் காதில் தியேட்டரில் சிரித்த என் சிரிப்பே கேட்டது.

"நானும் சிரிச்சேன் சாமி" என்றேன். "யாருன்னு தெரியறதுக்கு முன்னாடி. அந்தப் படகுல ஏறும்போது. தியேட்டர்லயே நான்தான் பலமா."

சாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு திகைப்பை நான் பார்த்ததில்லை. வாசல் வழியே ஒரு மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனையில் திரும்பியது.

"அந்த ஸீனை எப்படி எடுத்திருக்கான்?" என்றார் சாமி கடைசியில். "சொல்லுங்கோளேன்."

இத்தனை காலம் அவர் சொல்ல நான் கேட்டதுதான். நான் கதை சொல்லி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். கால்வாய் எப்படி இருந்தது, மழைக்குக் கறுத்த வானம் எப்படி இருந்தது, எல்லாம் சொன்னேன். சொக்கையா தகரப்பெட்டியோடு வந்தான், படகில் ஒரு காலை வைத்தான், கால் இடறியது என்பது வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. அந்த நாவலை முழுக்க வாசித்தவர் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழப் பார்த்தான் சாமி" என்றேன். "நல்லவேளை, படகுக்காரன் எட்டிக் கையைப் பிடிச்சுட்டான்."

சாமி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்பறம்?" என்றார்.