மாப்பிள்ளையின் பெயருக்கு என்ன அர்த்தம்?

இரண்டு கிழமைக்கு முன் மகள் கேவிஷா ஒரு பையனை சிட்னி, லிட்கமில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பெயர் ஜின்சூ. கொரியன். இங்கேயே பிறந்தவன். ‘அப்பா, இவரைத்தான் கட்டப்போறன். ஆனா நீங்கள் ஓம் எண்டால்தான்’ என்றாள்.

ஓம் சொல்வதற்கு முன் நாலு கேள்வி கேட்க வேண்டாமா? வேலை - சிவில் எஞ்சினியர். குடி - இல்லை. எல்லாம் திருப்தி. கடைசியில் சும்மா, ஒரு பேச்சுக்கு, பெயரின் அர்த்தம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

பையன் முழித்தான். ‘தெரியாது அங்கிள். அம்மாவிடம் கேட்க வேண்டும்.’

தெரியாதா? பிறந்ததிலிருந்து சுமந்து திரியும் பெயருக்கு அர்த்தம் தெரியாதா? எதையோ மறைக்கிறான்...

அவர்கள் காரில் ஏறியதும் போனைத் தட்டிப் பார்த்தேன். சந்தேகம் இரட்டிப்பானது. ‘ஜின்’ என்றால் உண்மையாம். அரியது என்றும் அர்த்தமாம். ‘சூ’ என்றால் தண்ணீர், நீண்ட ஆயுள், சிறந்தது... கை என்றும்கூட! ஒரு பெயருக்குள் இத்தனை பேரா? இதில் எவன் என் மகளைக் கட்டப்போகிறான்?

‘உங்களுக்கு விசர்’ என்றாள் மனைவி. ‘பெடியன் நல்ல பெடியன்.’

நல்ல பெடியன்கள் என்றால்தான் எனக்குப் பயம்.

அடுத்த ஞாயிறு ஜின்சூ ஒரு தாளோடு வந்தான். அவன் அம்மா இரண்டு சீன எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தார். கொரிய மொழியில் நிறையச் சொற்கள் சீன வேரில் வந்தவையாம். சீனத்தில் ஒவ்வோர் அர்த்தத்துக்கும் எழுத்து வேறு வேறு. கொரிய எழுத்துக்கு மாற்றினால் எல்லாம் ஒரே சத்தம், ஒரே எழுத்து. பெற்றவர்கள் எந்தச் சீன எழுத்தை நினைத்துப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டால்தான் அர்த்தம் தெரியும். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அது எங்கே தெரியப்போகிறது?

இவனுடைய ஜின், உண்மை. சூ, சிறந்தது. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

‘அங்கிள், அம்மாவும் ஒன்று கேட்கச் சொன்னார். கேவிஷாவுக்கு என்ன அர்த்தம்?’

‘தேத்தண்ணி போட்டு வாறன்’ என்று மனைவி குசினிக்குள் ஓடிவிட்டாள்.

என்னத்தைச் சொல்ல? ஐயர் ‘கே’யில் தொடங்கச் சொன்னார். எண் சாத்திரக்காரர் கூட்டுத்தொகை ஐந்து வரவேண்டும் என்றார். ‘ஷா’வில் முடிப்பது அப்போது ஃபேஷன். நடுவில் ‘வி’ எப்படி வந்தது என்று சத்தியமாக எனக்கே தெரியாது!

‘யெஸ் அப்பா, வாட் டஸ் இட் மீன்?’ என்றாள் மகள், கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். அதே மூச்சில் ஓமும் சொல்லிவிட்டேன்.

இப்போது ஜின்சூ வீட்டில்தான் கொஞ்சம் யோசிக்கிறார்களாம்... பெற்ற பிள்ளைக்கு அர்த்தமே இல்லாமல் பெயர் வைத்த குடும்பம் எப்படிப்பட்டதோ என்று!