முல்லைப் பந்தலில் மனோரஞ்சிதம்

திருப்பதியில் நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே சின்னதாக ஒரு தோட்டம். வீட்டுக்கார ஆன்ட்டியின் முல்லையும் காகிதப்பூக் கொடியும் இரும்புப் பந்தலை எப்போதோ மூடிவிட்டன. அவற்றுக்கு நடுவே ஒரு மனோரஞ்சிதத்தை ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. நாலு வீடியோ பார்த்த தைரியம் வேறு. தமிழ்நாட்டு எல்லையோரம், கங்காதர நெல்லூர்ப் பக்கமிருக்கும் எங்கள் ஊரிலிருந்து கன்று கொண்டுவந்து, முல்லையின் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி நட்டேன்.

ஆன்ட்டி பார்த்த பார்வையே சரியில்லை.

"அதோட வாசனைக்குப் பாம்பு வரும்பா. வேற செடியே கெடைக்கலயா உனுக்கு?"

"அதெல்லாம் சும்மா சொல்றது ஆன்ட்டி."

"வந்தா நீயே புடிச்சி உன் ரூம்ல வெச்சுக்கோ."

அன்று முதல் அவர்மேல் எனக்கு ஒரு கண். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் கன்று தலை தொங்கியே நின்றது. சோப்புத் தண்ணீர் ஊற்றுகிறாரோ? மண்ணை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தேன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்கு நடுவிலும், இந்நேரம் அங்கே என்ன நடக்கிறதோ என்றே மனம் ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படியிறங்கும்போது, அவர் போனில் மகளிடம் தெலுங்கில் சொன்னது மோட்டார் சத்தத்துக்கு நடுவே அரைகுறையாகக் காதில் விழுந்தது: "பைன அப்பாயி செட்டு... பாடு சேசானு." மேல்வீட்டுப் பையனின் செடியை இவர் நாசம் பண்ணிவிட்டாராம். தெலுங்கில் பாடு என்றால் நாசம் என்றுகூடத் தெரியாமலா எல்லையில் வளர்ந்தேன்?

ஓடிப்போய்ப் பார்த்தேன். கன்றைச் சுற்றி மண் கிளறிக் கிடந்தது. பக்கத்தில் வெட்டிய வேர்கள் குவியலாக.

"ஏன் ஆன்ட்டி பாடு பண்ணீங்க?"

"பண்ணாம? வெச்சவன் நீயில்ல பண்ணியிருக்கணும்."

"நானே பண்ணணுமா?"

"பின்ன? நீ ஊத்தற தண்ணியெல்லாம் சரிவுல ஓடி முல்லைக்கே போய்க்கினு இருக்குது. பாது இல்லாம எப்டி நிக்கும்?" விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

அப்போதுதான் கன்றைச் சுற்றி எழுப்பியிருந்த மண்கரை கண்ணில் பட்டது. பாடு இல்லை, பாது. எங்கள் ஊரில் பாத்தி என்போம். வெட்டுப்பட்டவை முல்லையின் வேர்கள். அவை திரும்ப வந்து ஈரத்தை உறிஞ்சாதபடி, அடியில்லாத பழைய பக்கெட் ஒன்றையும் கன்றைச் சுற்றிப் புதைத்திருந்தார்.

"பாம்பு வரும்னீங்களே?"

"இப்பவும்தான் சொல்றேன். அதுக்காவ, வெச்சது சாவறத பாத்துக்கினு இருக்கவா?"

இதை அப்படியே நம்பலாமா என்று எனக்கு அப்போதும் சந்தேகம்தான்.

கன்று மெல்லத் தேறியது. நீண்ட தளிர் ஒன்று முல்லைக்குள் நுழையப் பார்த்தது. ஆன்ட்டி அதை வெளிப்பக்கமாகத் திருப்பி, புடவைக் கிழிசலால் பந்தல் காலோடு கட்டினார். அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து, கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தண்டு நெரியவில்லை. இன்னும் பருக்க இடம் விட்டுத்தான் கட்டியிருந்தார்.