காசிமேட்டுக்குப் போன மூன்று பேர்

போன வாரம் மறைமலை நகரில் என் மகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். நர்ஸம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததுமே, குழந்தைக்கு முன்னால் எனக்கு முகம் கோணிவிட்டது. "ஊசி உங்களுக்கு இல்லம்மா" என்று சிரித்தார். ஊசிக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. அந்த வாசனைதான் எனக்கு ஆகாது. பத்தொன்பது வயதில், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், இரண்டு வருடம் அந்த வாசனைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். போனுக்குள் போகும் பச்சை அட்டையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து அடுத்த கைக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. தூக்கத்திலும் தள்ளியிருக்கிறேன். பக்கத்துப் பாயில் படுத்தவள் பாவம், விலாவில் வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

லைனுக்குள் போனால் தலையில் தொப்பி, மூக்குவரை மாஸ்க், முழங்கால்வரை வெள்ளை அங்கி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். எதிர் வரிசை சாப்பிடப் போகும்போது நாங்கள் இருக்க வேண்டும், அவர்கள் வந்தபிறகு நாங்கள் போக வேண்டும். பஸ் வேறு, ஹாஸ்டல் வேறு. அதனால் எனக்கு எதிரே உட்கார்ந்து மாதக்கணக்காக அட்டை வாங்கியவளின் மூக்கு சப்பையா கூர்மையா என்று எனக்குத் தெரியாது. இடது புருவத்தின் நடுவில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அது தெரியும். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் புருவம் மேலே ஏறி இறங்கும். நானும் ஏற்றி இறக்குவேன். எங்கள் சிநேகிதம் மொத்தமும் அதுதான். பெயர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

கடைசி மேஜையில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதெல்லாம் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்கு உடனே கப்பல் பார்த்தாக வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக்காரிக்குக் கப்பல் என்றால் சும்மாவா? ஒரு வாராந்திர லீவு நாளில் கூட்டாளி யாரும் கிடைக்காமல், தனியாகவே கிளம்பினேன். எங்கள் வார்டனம்மா பென்னலூர்க்காரர். நோட்டில் 'சித்தி வீடு, தாம்பரம்' என்று நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"சாயந்தரம் ஆறுக்குள்ள வந்துடு. பொய் சொல்லிக்கினு சுத்துனது தெரிஞ்சுது, உங்கப்பாவுக்குப் போன் போட்டு மூட்டையக் கட்டிடுவேன்."

தாம்பரத்தில் எனக்குச் சித்தியும் இல்லை, பூனையும் இல்லை. பஸ்ஸில் தாம்பரம் போய், மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினேன். வெளியே வந்தால் நீளமாக ஒரு மதில் சுவர். அதற்குப் பின்னால்தான் துறைமுகமாம். கேட்டில் நின்ற காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்து, பாஸ் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். கப்பல் என்பது கோயில் தேர் மாதிரி, போனால் பார்த்துவிடலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல?

திரும்பி ஸ்டேஷனுக்குள் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். லீவு நாளிலும் கம்பெனி டேக் என் கழுத்தில் தொங்கியது. எங்களில் பாதிப்பேர் அப்படித்தான், தாலி மாதிரி கழற்றவே மாட்டோம்.

"இன்னாமா, மூணாவது லைன்தானே நீ? உனக்கு எதிர்லதான் ஒக்காந்துகினு கீறேன், தெரியலயா?"

முப்பது வயது இருக்கும். நல்ல சேலை, சிரித்த முகம். பெயர் நிர்மலா என்றார். தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? எதிர் வரிசையில் யார் முகம்தான் எனக்குத் தெரியும்? லைன் நம்பர் என் டேக்கிலேயே அச்சடித்திருந்தது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. தனியாக வந்த ஊரில் நம்ம லைன் ஆள் கிடைத்ததே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அக்காவுக்குப் பின்னால் என் வயதில் இன்னொரு பெண், தலைமுடி நெற்றியில் விழ, பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். "இது தேவி, இதுவும் நம்ம கம்பெனிதான்" என்றார் அக்கா. "கப்பல் பாக்கணும்னா காசிமேட்டுக்கு வா. அப்டியே பக்கத்துல ஒரு ஆபீஸ்ல தேவிக்கு வேலை கீது. மலேசியாவுல இதே வேலைதான். மாஸ்க்கு, தொப்பி ஒண்ணும் கெடையாது."

ஷேர் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டில் அண்ணன் தம்பி உண்டா, அப்பா போன் பண்ணுவாரா, தேடி வர ஆள் இருக்கிறதா. அக்கறையாகத்தான் கேட்கிறார் என்று நானும் ஒப்பித்தேன். ஆதார் ஒரிஜினல் கையில் இருக்கிறதா என்றார். வார்டனம்மாவிடம் இருக்கிறது என்றேன். அப்போது மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தேவியுடையது ஏற்கனவே அக்காவின் கைப்பைக்குள் இருந்தது.

காசிமேட்டில் இறங்கியதும் மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் துணியை இழுத்து மூக்கை மூடினோம். காற்றில் தேவியின் முடி விலகியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். இடது புருவத்தில் வெட்டு.

அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் ஏறி இறங்கியது. இரண்டு பேரும் துணிக்குள்ளேயே சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானைக்கு மேலே இரண்டு கண்கள். எதிர் வரிசையில் எந்த ஷிப்டிலும் நான் பார்க்காத கண்கள். எனக்கு எதிரே உட்காருகிறவள்தான் இதோ நிற்கிறாளே, அப்படியானால் இது யார்?

"இன்னாடி அப்டிப் பாக்குற?" என்றார். முதல்முறையாக 'டி' போட்டார்.

படகுகளைப் பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. அக்கா போனில் பேச நாலடி தள்ளிப் போனபோது தேவியின் காதில் சொன்னேன்: "ஏட்டி, அந்த அக்கா நம்ம லைன் இல்ல. வா, போயிருவோம்."

"ஆளை மாத்தி மாத்தித்தான போடுறாக? நீ பாத்துருக்க மாட்ட" என்றாள். "அடுத்த மாசம் காண்ட்ராக்ட் முடிஞ்சு போகச் சொல்லிருவாக. ஊருக்குப் போயி என்ன செய்ய?"

எனக்கும் அடுத்த மாதம்தான் முடிகிறது. ஆபீசுக்குப் போகலாம் என்று அக்கா எங்களை மறுபடி ஒரு ஆட்டோவில் ஏற்றினார். ராயபுரம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது, வாந்தி வருகிறது என்று சொல்லி இறங்கினேன். இறங்கியவள் ஓடினேன். தேவியின் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், ரோட்டில் நின்று கத்தியிருக்கலாம். ஆறு மணிக்குள் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும் என்ற ஒன்றுதான் மண்டையில் இருந்தது. நினைக்க நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் எதிரே வேறு கண்கள் உட்கார்ந்திருந்தன. சூப்பர்வைசர் "நின்னுட்டா போல" என்றார். எங்கள் வேலையில் பெண்கள் நின்றுபோவது தினசரிச் செய்தி, யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பத்து நாள் கழித்து ஒரு அம்மா வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கமாம். ஒவ்வொரு ஹாஸ்டலாக ஏறி இறங்கி, பிள்ளைப்பாக்கத்தில் இருந்த எங்கள் ஹாஸ்டலுக்கும் வந்துவிட்டார். கையில் ஒரு போட்டோ.

"தாயி, இந்தப் புள்ளய எங்கிட்டாச்சும் பாத்தியளா?"

போட்டோ கை மாறி வந்தது. தெரியாது, தெரியாது என்றார்கள். அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. என் கைக்கு வந்தபோது வார்டனம்மா தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நோட்டில் நான் எழுதிய சித்தி வீடும், மூட்டை கட்டிக்கொண்டு ஊர் பஸ் ஏறுவதும் கண்முன் வந்தன. தெரியாது என்றேன். அந்த அம்மா என் கன்னத்தைத் தடவி, "சரி தாயி, நீங்களாச்சும் சூதானமா இருங்க" என்றார். போகும்போது தண்ணீர் டிரம்முக்கு மேலே சுவரில் தன் போன் நம்பரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

காண்ட்ராக்டை நீட்டித்து விட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக, தினமும் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டேதான் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். போன் கையிலேயே இருக்கும். நாளைக்குப் பண்ணலாம் என்றிருந்தேன்.

தடுப்பூசி போட்ட மறுநாள், மகளை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் பிள்ளைப்பாக்கம் போனேன். ஹாஸ்டல் இருந்த இடத்தில் தகரக் கூரை போட்ட பெரிய குடோன். வார்டனம்மா இடம் மாறிப் போய்விட்டாராம். டிரம் எந்த மூலையில் இருந்தது என்றுகூடக் கணக்குப் பிடிபடவில்லை. நம்பரில் கடைசி மூன்று எண்கள் நினைவிருக்கின்றன: நாலு, ஒன்பது, நாலு. முன்னால் உள்ள ஏழும் போய்விட்டன.