பதினேழாவது தப்பு

1. செருப்போடு வந்தவர்

புலவர் எப்போதும் அச்சாபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். எழுத்து இருக்கிற இடம் என்பார். அன்றைக்குச் செருப்போடு வந்தார்.

துடியலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் தமிழாசிரியர். நாங்கள் அச்சடித்துக் கொடுத்த ஆண்டு விழா நோட்டீஸ் கையில் இருந்தது. அதில் சிவப்புப் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்.

“ஏனுங்க மொதலாளி, எங்க ஹெட்மாஸ்டரு மீன் புடிக்கறவருங்களா?”

முதலாளிக்கு விளங்கவில்லை. “என்னுங்கய்யா சொல்றீங்க?”

“தலைமையாசிரியர்னு எழுதிக் குடுத்தனுங்க. வலைமையாசிரியர்னு வந்திருக்குது. அந்த மனுசன் ஊடு ஊடாப் போயி இதைக் குடுத்துப்போட்டு வந்திருக்கறாரு. நாடகம், நாபகமாயிருச்சு. மாணவரெல்லாம் நாணவரு. பதினாறு எடம். நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க.”

முதலாளி எண்ணவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“இதைக் கோத்தது ஆருங்க?”

முதலாளி என்னைக் காட்டினார். புலவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எது வரைக்கும் படிச்சே?”

“மூணாங்கிளாஸுங்க.”

“அதான்” என்றார்.

அந்த ஒரு சொல் இன்றைக்கும் காதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஆண்டு மலரையும் நாங்கள்தான் அச்சடிப்பதாக இருந்தது. நூறு பக்கம். இந்த ஆள் எழுத்துக் கேஸ் முன்னால் நிற்கிற வரைக்கும் மலரை இங்கே தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “பழனிச்சாமி, ஸ்டிக்கக் கீழ வெச்சுப்போடு. திங்கக்கெழமையிலிருந்து டிரெடிலுக்குப் போயிரு. கேஸுக்கு எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச ஆளு ஒருத்தரப் போட்டுக்கறேன்.”

டிரெடில் என்பது காலால் மிதிக்கிற அச்சு மெஷின். அந்த வேலையில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் நான் கம்போசிட்டர். ஒன்பது வருஷமாக அந்த ஸ்டிக் என் இடது கையில் இருந்தது. எழுத்தை வரிசையாக அடுக்குகிற சிறிய இரும்புத் தட்டு அது. கீழே வைக்கச் சொன்னால் கையையே கழற்றி வைக்கச் சொன்ன மாதிரி.

2. கேஸில் படித்த தமிழ்

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நான் தமிழ் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. கேஸில்.

கேஸ் என்பது பெரிய மரத்தட்டு. உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஈய எழுத்து. ஐம்பதுகளில் பழைய மாதிரி மேலே கொம்பு வைத்த லை, னை எல்லாம் தனி எழுத்து. அதனால் தமிழுக்குப் பெட்டி அதிகம். வாயில் ர-வும் ற-வும் சிலருக்கு ஒரே சத்தம். எனக்கு அவை இரண்டு பெட்டிகள். நடுவே ஒரு முழ தூரம். ல, ள, ழ மூன்றும் மூன்று மூலை. கையை எங்கே நீட்டுவது என்று தெரிந்தால் எழுத்து தெரியும். அப்படித்தான் படித்தேன்.

கோக்கும்போது எழுத்தின் முகத்தைப் பார்க்க மாட்டோம். எழுத்தின் உடம்பில் ஒரு வெட்டு இருக்கும். விரல் அதைத் தடவி நேராக்கி ஸ்டிக்கில் வைத்துவிடும். கண் பேப்பரில் இருக்கும். பெட்டியில் இருப்பது சரியான எழுத்துதான் என்ற நம்பிக்கையில் கை ஓடும்.

தப்பு வந்தால் ஜனங்கள் எப்படிக் கோபப்படுவார்கள் என்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி ஒருவர், பில் புத்தகத்தில் ஊர்ப் பெயருக்கு ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக பஸ் ஏறி வந்தார். கல்யாணப் பத்திரிகையில் சாமி பெயரில் தப்பு வந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள். தாய்மாமன் பெயரில் வந்தால் பொறுக்க மாட்டார்கள். ஒரு பெண்ணின் தகப்பனார் என்னிடம், “அப்பனே, முருகன் கோவிச்சுக்க மாட்டானுங்க. எம்பட மச்சினன் பந்தியில ஒக்கார மாட்டானுங்க” என்றார். நியாயம்தான். திருப்பி அடித்துக் கொடுத்தோம்.

ஆனால் ஒரே நோட்டீஸில் பதினாறு என்பது எனக்கு நடந்ததில்லை. புரூஃப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நோட்டீஸ் அடித்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்து பியூன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். முதலாளி அப்படியே மெஷினில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

3. இரண்டு கேள்வி

ஸ்டிக்கைக் கீழே வைத்தேன். முதலாளியிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

“நோட்டீஸ ஒருக்கா பாத்துக்கறனுங்க.”

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தேன். ட வர வேண்டிய இடத்தில் ப, ஏழு. த வர வேண்டிய இடத்தில் வ, ஐந்து. ம வர வேண்டிய இடத்தில் ந, நாலு. பதினாறும் முடிந்தது. வேறு எழுத்தே இல்லை.

பிறகு வட்டம் போடாத வரிகளையும் படித்தேன். கடைசி வரிக்கு முந்தின வரியில் நின்றேன். அங்கே இன்னொன்று இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம்.

புலவரிடம் போனேன்.

“ஐயா, என்னையாட்டப் படிக்காதவன் எழுதுனா எந்த எழுத்துல தப்பு விடுவானுங்க?”

“அதென்ன கேள்வி? ர, ற. ல, ள, ழ. ந, ன, ண. பையன்க நோட்டுல தெனமும் பாக்கறனே.”

“நீங்க வட்டம் போட்டதுல அந்தத் தப்பு எத்தனை இருக்குதுங்க?”

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். “ஒண்ணும் இல்லியே” என்றார்.

“ஒண்ணு இருக்குதுங்க. நீங்க வட்டம் போடல.”

வரியைக் காட்டினேன். கைத்தொழில் பயிற்சி என்று இருக்க வேண்டும். பயிர்ச்சி என்று இருந்தது. ற் வர வேண்டிய இடத்தில் ர்.

“இது என் தப்புங்க. காது சொன்னதைக் கை கேட்டுப்போச்சு. அந்தப் பதினாறும் என்னுது இல்லீங்க.”

மெஷின் பக்கம் யாரும் மிதிக்கவில்லை. எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புலவர் அந்தச் சொல்லை உற்றுப் பார்த்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து அதற்கும் ஒரு வட்டம் போட்டார். “மூணு தடவ படிச்சனப்பா இத. நானே உட்டுப்போட்டேன்” என்றார். பிறகு கேட்டார். “அப்ப அந்தப் பதினாறு ஆரோடதுங்க?”

அப்பா என்பது போய் ங்க வந்துவிட்டது. கவனித்தேன்.

4. ட பெட்டி

நான் கேஸ் பக்கம் போனேன். ட பெட்டியில் இருந்ததை அள்ளி ஒரு தகரத் தட்டில் கொட்டினேன். விரலால் பரப்பினேன். ட-க்கள் நடுவே ப-க்கள் கிடந்தன. த பெட்டியைக் கொட்டினேன். உள்ளே வ. ம பெட்டியில் ந. கடைசியாக ற் பெட்டியைக் கொட்டினேன். எல்லாம் ற்தான். ஒரு ர் கூட இல்லை. அதனால் பதினேழாவது என்னுடையதேதான் என்றேன்.

புலவருக்கு ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்கத் தெரியாது. முதலாளிக்குத் தெரியும்.

அச்சடித்து முடிந்த எழுத்துகளை மறுபடியும் அதனதன் பெட்டியில் போட வேண்டும். பிரித்துப் போடுவது என்போம். அதைச் செய்துகொண்டிருந்த ஆறுமுகம் அண்ணன் அந்த நோட்டீஸுக்கு முந்தின வாரம்தான் மில் வேலைக்குப் போயிருந்தார். அதன் பிறகு முதலாளியே பிரித்துப் போட்டார். சின்ன வயதில் எட்டு வருஷம் மெட்ராஸில் கம்போசிட்டராக இருந்தவர். பார்ட்டிகளிடம் பேசிக்கொண்டே, கேஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போடுவார். வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதில் அவருக்குப் பெருமை.

யார் போட்டது என்று நான் சொல்லவில்லை. சொல்கிற இடம் அது இல்லை.

முதலாளி தட்டைப் பார்த்தார். பிறகு கேஸ் முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடினார். வலது கையைத் தூக்கி, ஓர் எழுத்தைப் போடுவதுபோல நீட்டினார். “ப” என்றார். கண்ணைத் திறந்தார். கை ட பெட்டிக்கு மேலே நின்றது.

மறுபடியும் மூடினார். “வ” என்றார். கை த பெட்டிக்குப் போனது.

மூன்றாவது எழுத்துக்கு அவர் கையைத் தூக்கவில்லை.

“இது மெட்ராஸ் கேஸுப் பழக்கமுங்கய்யா” என்று புலவரிடம் சொன்னார். “அங்க பெட்டி வரிசையே வேற. பதினஞ்சு வருசத்துக்கு அப்புறமும் கை அங்கயே போகுது. பேச்சு மும்முரத்துல தெரியாமப் போச்சுங்க. பதினாறும் என்னுதுங்க.”

வேலைக்காரன் முன்னால், வாடிக்கைக்காரர் முன்னால், அப்படிச் சொல்லுகிற முதலாளியை நான் அதன் பிறகு பார்க்கவில்லை.

புலவர் வாசலுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“மொதலாளி, மலரை ஆரு கோக்கறாங்க?”

முதலாளி என்னைப் பார்த்தார். “ஸ்டிக்க எடுப்பா” என்றார்.

எடுத்தேன்.

5. ஆண்டு மலர்

இரண்டு நாள் எல்லாப் பெட்டியையும் கொட்டி, துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் போட்டேன். விழா நோட்டீஸைத் திரும்ப அடித்துக் கொடுத்தோம். அதன் பிறகு பிரித்துப் போடுவதும் நானே. முதலாளி கேஸ் பக்கம் வந்தால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டுதான் பேசுவார். “கை சும்மா இருக்காதுங்க, அதான் கட்டி வெச்சிருக்கறேன்” என்று பார்ட்டிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

நூறு பக்கத்தையும் நான் ஒருவனே கோத்தேன். புலவர் புரூஃப் பார்த்தார். முதல் நாலு பக்கத்தில் ஆறு வட்டம். போகப் போகக் குறைந்தது. வட்டம் போட்டால் பக்கத்தில் ஒரு கேள்வியும் எழுதி அனுப்புவார். கோத்த தப்பா, பிரிச்ச தப்பா? நானும் உண்மையை எழுதி அனுப்புவேன். கோத்த தப்புதான் அதிகம் இருந்தது. அப்படியே எழுதினேன்.

கடைசிப் பக்கம் நன்றி. அந்தத் தாளில் அச்சுக்கோத்தவர் என்று எழுதி, எதிரே இடம் விட்டிருந்தார்.

“உங்க பேரு பழனிச்சாமியா, பழனிசாமியா? ச் உண்டுங்களா?” என்று கேட்டார்.

“எப்புடிங்க சரி?”

“உங்க பேரு. நீங்க சொல்றதுதானுங்க சரி.”

ச் போட்டேன். அச்சில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் கற்றது இவ்வளவுதான். தப்பு தெரிகிற இடம் ஒன்று. அது உண்டான இடம் வேறாக இருக்கும். யாரையும் திட்டுவதற்கு முன்னால் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். கொட்டும்போது உங்கள் தப்பு ஒன்று கிடைத்தால் அதை முதலில் எடுத்து வெளியே வையுங்கள். பதினேழாவதைச் சொல்லாமல் இருந்தால் பதினாறைப் பற்றி நான் சொன்னதை யாரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள். கோக்கும்போது வேண்டிய நிதானத்தைவிடப் பிரிக்கும்போது அதிகம் வேண்டும்.

மலர் அடித்து முடிந்த அன்று சாயங்காலம் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். என் பெயரை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. மற்ற வேலைக்கு எழுத்து பத்தாது என்றேன். ப, ழ, னி, ச், சா, மி. ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றும் அதனதன் பெட்டியில் விழுந்தது.