தந்தியின் கேள்விக்குறி

வீட்டில் அவளுக்குப் பெயர் தந்தி. வைத்தவன் அவள் தம்பி. "அக்கா விரல் பட்டா போனுக்கே மூச்சு வாங்குது" என்று ஒருநாள் கிண்டலடித்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை அவளுக்கு. ஆனால் இந்த வேகம் அங்கே வந்ததல்ல. கணவருக்காக வந்தது.

அவர் அட்டைப்பெட்டி கம்பெனியில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். மூளைக்காய்ச்சல் வந்து ஆள் பிழைத்தார், காது இரண்டும் பிழைக்கவில்லை. பேச்சு மட்டும் பழையபடி இருந்தது, கொஞ்சம் சத்தம் கூடி. மற்றவர்கள் பேசுவதை அவள் போனில் அடித்துக் காட்டுவாள், அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். ஆரம்பத்தில் அவள் அடித்ததில் புள்ளியும் கிடையாது, குறியும் கிடையாது. மாமியார் சொன்னதை இவள் சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார்.

"நீ அடிக்கிறதெல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கு. கேக்கறியா, திட்டறியா, யாரு சொன்னதைச் சொல்றே, ஒண்ணும் புரியல."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் குறி போட நினைத்தால், எழுத்துப் பலகையை விட்டு எண்களும் குறிகளும் இருக்கும் பலகைக்குப் போய், தேடித் தொட்டு, திரும்பி வருவதற்குள் எதிராளி அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். போன் ரிப்பேர் கடைக்காரர்தான் வழி காட்டினார். கீபோர்டு செட்டிங்கில் சுருக்கெழுத்து சேர்த்து வைக்கலாமாம். எந்தச் சொல்லிலும் சட்டென்று வராத ஜோடி எழுத்துகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். 'கக' என்று தட்டினால் மேலே கேள்விக்குறி வந்து நிற்கும், ஒரு தொடலில் உள்ளே இறங்கும். கம்பெனி ஆட்களோடு பேச வேண்டி வந்தால் உதவட்டும் என்று அவர்களையும் சேர்த்தாள். 'மம' என்றால் 'மேனேஜர்:' என்று பெயரும் முக்காற்புள்ளியும் சேர்ந்து வரும். 'சச' என்றால் சூப்பர்வைசர். டிவியில் நாலு பேர் சண்டை போடும் நிகழ்ச்சியை வைத்துப் பழகிப் பழகி, கடைசியில் அவர்கள் மூச்சு விடுவதற்குள் முடித்துவிடும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வேலைக்குத் திரும்பியிருந்த அவருக்குப் பின்னால் சரக்கு தூக்கும் வண்டி ஹார்ன் அடித்திருக்கிறது, அவர் நகரவில்லை. மயிரிழையில் தப்பினார். காது கேட்காத ஆளை மெஷின் பக்கம் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய விசாரணை. வேலை போனால் இந்த வயதில் வேறு எவன் கொடுப்பான்?

பதற்றத்தில் அவருக்கு எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று, தம்பியின் புதுப் பெரிய போனை இரவல் வாங்கினாள். "கீழ போட்டே, மாமாவைத்தான் அடகு வைப்பேன்" என்றான் அவன். தன் பழைய போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மேனேஜர் அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் மேனேஜர், பக்கத்தில் சூப்பர்வைசர். எதிரே இவர்கள் இருவரும். மேனேஜர் வாயைத் திறந்தார். அவள் 'மம' தட்டினாள். 'மம' 'மம' ஆகவே நின்றது. இன்னொரு முறை தட்டினாள். அப்போதுதான் உறைத்தது. சுருக்கெழுத்தெல்லாம் பழைய போனில் அல்லவா இருக்கிறது! கத்தியை வீட்டில் வைத்துவிட்டு உறையோடு சண்டைக்கு வந்த கதை.

அதற்குள் அந்தப் பக்கம் இருவரும் மாறி மாறிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பேச்சு முடிவதற்குள் மற்றவர் நுழைந்தார். பெயரை விட்டாள், குறியை விட்டாள், வார்த்தையையாவது பிடிப்போம் என்று கட்டைவிரல்கள் பறந்தன. திரையில் எழுந்தது இதுதான்:

வீட்ல உக்காரட்டும் சார் அப்படி சொல்லாதீங்க வேலைல ஒரு குறை கிடையாது நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது

அவர் படித்தார். முகம் சிவந்தது. மேஜையில் ஓங்கித் தட்டிவிட்டு நேராகச் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"என்னை வீட்ல உக்காரச் சொல்றியா? கூடவே நின்னு வேலை பார்த்தவன்டா நீ!"

'உக்காரட்டும் சார்' என்று சேர்த்துப் படித்துவிட்டார். வீட்டில் உட்காரச் சொன்னது மேனேஜர். வேலையில் குறையே கிடையாது என்று பரிந்து பேசியவர்தான் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"எனக்கென்ன வந்துச்சு? உங்க இஷ்டம் போல பண்ணுங்க சார்."

இருந்த ஒரே கையும் நழுவுகிறது. இதை அடித்து விளக்கி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். போனை மேஜைமேல் குப்புற வைத்துவிட்டு எழுந்தாள். டோக்கன் ஜன்னலில்கூட அவள் குரல் உயர்ந்ததில்லை.

"நிறுத்துங்க சார். அண்ணே, நீங்களும் உக்காருங்க. தப்பு என்மேல. யாரு பேசினதுன்னு இவருக்குத் தெரியல. இனிமே ஒருத்தர் பேசினா மத்தவங்க பேச வேண்டாம். பேசறவங்க கையைத் தூக்கிட்டுப் பேசுங்க. நான் அடிச்சு முடிச்சதும் இறக்குங்க."

மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். "இது என்னம்மா, பள்ளிக்கூடமா?"

"ஆமா சார். இவருக்கு இப்ப கண்ணுதான் காது."

முதலில் கையைத் தூக்கியது சூப்பர்வைசர்.

"டேய், உனக்காகத்தான் பேசிட்டிருக்கேன். மேஜையைத் தட்டறே, மடையா."

அவள் 'மடையா'வையும் விடாமல் அடித்துக் காட்டினாள். அவர் படித்தார், தூக்கிய கையைப் பார்த்தார், தலையைத் தொங்கப்போட்டார்.

"மன்னிச்சிக்கோடா."

அதன்பின் பேச்சு மெல்ல நடந்தது. கை உயரும், வார்த்தை வரும், அவர் படிப்பார், பதில் சொல்வார். ஒருமுறை சூப்பர்வைசர் தூக்கிய கையைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சார், ஹார்ன்தானே இவனுக்குக் கேக்கல? மெஷினுக்கு நேரா சுழல் விளக்கு வச்சிடலாம். வண்டி உள்ள வர்றப்ப டிரைவர் சுவிட்சைத் தட்டிட்டு வரட்டும்."

மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். போன் வழுக்காமல் இருக்க அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கடைசியில் மேனேஜர் கையைத் தூக்கினார்.

"விளக்கு வைக்கிறோம். ஒரு மாசம் பார்ப்போம். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வர முடியுமா?"

வார்த்தைகளை அடித்துவிட்டாள். குறி பாக்கி. அது இல்லாமல் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. எழுத்துப் பலகையை விட்டு குறிப் பலகைக்குப் போனாள், கேள்விக்குறியைத் தேடினாள். அத்தனை நேரமும் மேனேஜரின் கை உயர்ந்தே இருந்தது.

குறி விழுந்தது. போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"வர்றேன் சார்" என்றார் அவர், அறையே அதிரும்படி.