கிட்ட எடுக்கிற லென்ஸ்

போன கிழமை சார்ஜர் வயர் வாங்க மன்னார் பஸாருக்குப் போனேன். கடைக்காரர் வயரோடு, கைபேசியில் கவ்வ வைக்கிற சின்ன லென்ஸ்களையும் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் பரப்பினார். "கிட்டத்துக்கோ, தூரத்துக்கோ அக்கா?" என்று கேட்டார். புது ரப்பர் மணம் வந்தது. என் பழைய கமராப் பையிலும் இதே மணம்தான்.

கந்தோர் வேலை கிடைத்த புதிதில் கையடக்கமான டிஜிட்டல் கமரா ஒன்று வாங்கினேன். நீங்கள் சிரிக்கக்கூடாது, அன்றிலிருந்து நான் பெரிய படப்பிடிப்பாளர். கடற்காற்றின் உப்புப் படாமலிருக்க லென்ஸுக்கு ஒரு கண்ணாடி, கழுத்து வார், மூன்று கால் ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தேன். ஸ்டாண்ட் எங்கள் ஊர்க் காற்றில் ஒருநாளும் நின்றதில்லை. கடைசியில் அம்மா அதைப் பாவற்கொடிக்கு முண்டு கொடுத்தார்.

அம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் வந்தது. மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குப் போக வழியில்லை. "மாதான்ர முகத்தைக் கிட்டப் பாத்தாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். நான் போய்ச் சனத்துக்குப் பின்னால் நின்று எடுத்தால் மாதாவின் சுருபம் படத்தில் விரலளவுதான் வரும். கொழும்பில் இருந்த அண்ணனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணா, கிட்ட எடுக்கிற லென்ஸ் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

"ஓம், விளங்கிட்டுது."

விளங்கித்தான் இருந்தது. கடையில் 'குளோசப் லென்ஸ்' என்று கேட்டிருக்கிறார். பூவையும் பூச்சியையும் பக்கத்தில் வைத்து எடுக்கிற லென்ஸை, கமராவில் பூட்டுகிற வளையத்தோடு கொடுத்துவிட்டார்கள். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுவது வேறு லென்ஸ் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்த லென்ஸோடு மடுவுக்குப் போனேன். ஆவணி வெயிலில் கமராத் திரையில் என் மூக்குத்தான் தெரிந்தது. குத்துமதிப்பாகப் பொத்தானை அமத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் பால் ஊற்றினமாதிரி ஒரு வெள்ளை, நடுவில் நீலக் கறை. அம்மா நெடுநேரம் பார்த்தார்.

"நீலமாத் தெரியிறது மாதா தானே? காணும் பிள்ளை."

லென்ஸை வீணாக்கக்கூடாதென்று அம்மாவை எடுக்கத் தொடங்கினேன். செபமாலை உருட்டுகிற விரல், வெங்காயம் உரித்த நகம், காதுத் தோடு. கொஞ்சம் தள்ளிப் போனாலே மங்கிவிடும், அதனால் எல்லாமே துண்டு துண்டாகத்தான். முகத்தை எடுக்கலாமென்று லென்ஸைக் கழற்றினால், "பொறு, சீப்பால தலை இழுத்துப்போட்டு வாறன்" என்று உள்ளே போவார். போன இடத்தில் அடுப்பைப் பார்ப்பார். நானும் கமராவை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவேன்.

அம்மா செத்தபிறகு, முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்குப் படம் தேடினோம். பழைய அல்பமெல்லாம் சண்டைக்கால இடம்பெயர்வில் போய்விட்டது. அண்ணன் கமராவில் ஒவ்வொரு படமாகத் தட்டிக்கொண்டே போனார்.

"முகம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணா."

அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டோம். எதற்கோ பயந்துபோய் இருந்த முகம். எல்லாரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல இடைக்கிடை தட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

கடைக்காரரிடம் "ரெண்டும் வேண்டாம் தம்பி" என்று சொல்லி வயரோடு வந்துவிட்டேன். கமரா பழுதாகி எத்தனையோ காலம். லென்ஸில் பூஞ்சணம். படங்கள் மட்டும் கணினியில் பத்திரமாக இருக்கின்றன, அம்மாவின் பெருவிரல் ரேகையைக்கூட எண்ணலாம். முகத்தை நினைத்தால்தான், அடையாள அட்டையில் இருக்கிற அந்த மனுசி வந்து நிற்கிறார்.