காலியாகத் திரும்பி வந்த தூக்குப்போசி

அன்பானவர்களே, ஒரு காலித் தூக்குப்போசி, அதான் குழம்பு கொண்டுபோகிற தூக்குவாளி, என்னை அழ வைத்தது. சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் இருந்தோம். 1995 ஈஸ்டர் சமயத்தில் நான் ஞானஸ்நானம் எடுத்தேன். சுற்றிலும் எங்கள் கொங்குப் பக்கத்துக் குடும்பங்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெற்றவளின் அம்மாவுக்கு விசா கிடைக்காவிட்டால், பத்தியச் சாப்பாட்டை நாங்களே முறை போட்டுச் சமைத்துக் கொடுப்போம். பால் ஊற வைக்கும் என்று என் பூண்டுக் குழம்புக்கு நல்ல பேர். முறை போடுவது மேல்மாடி மல்லிகா அக்கா.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு, பிள்ளை பெற்ற ஒருத்திக்கு என்று அக்காவிடம் நான் கொடுத்தனுப்பிய முதல் குழம்பைக் குப்பையில் கொட்டிவிட்டு, போசியைக் கழுவி வெறுமையாகத் திருப்பினார் அக்கா. நம் ஊரில் யார் அப்படிச் செய்வார்கள்? ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தானே பாத்திரத்தைத் திருப்புவோம்! வெறுமையாக வந்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

அதோடு விட்டார்களா? துணி துவைக்கிற அறையில் என்னைக் கண்டால் போதும், அக்காவும் மற்றப் பெண்களும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"அல்லேலூயா வந்துட்டாடி! சோத்துல ஜெபத்தைக் கலந்து குடுத்துருவா, சாக்கிரதை!"

ஒரே சிரிப்பு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைக்கு, டாக்டரிடம் என்று கூட்டிப்போனவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் இன்னும் ஆண்டவரை அறியாதவர். "ஊரோட ஒத்துப் போனா என்ன செல்வி? கொஞ்ச நாளைக்குச் சபைக்குப் போகாம இரேன்" என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதலில், "ஆண்டவரே, அவர்கள் வாயை அடைத்துப்போடும்" என்றுதான் ஜெபித்தேன். மனசு ஆறவில்லை. அழுது அழுது ஜெபம் மாறியது. "ஆண்டவரே, உம்மை மறைக்க மாட்டேன். ஆனால் என் கை மூடிப்போக விடாதேயும்."

அந்தக் குளிர்காலம் மல்லிகா அக்காவுக்கே பிள்ளை பிறந்தது. அவர் அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். அதற்கு மேல் பெரிய பனிப்பொழிவு வேறு. முறைக்காரர்களின் கார்களெல்லாம் புதைந்து கிடந்தன. எங்கள் கட்டிடத்தில் அக்கா வீட்டை விட்டால் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டுந்தான். பால் ஊறாமல் குழந்தை வீரிட்டு அழுவது எங்கள் வீடு வரை கேட்டது.

குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அவர் கணவர் கதவைத் திறந்தார்.

"யாருங்க?" என்று உள்ளிருந்து அக்காவின் குரல்.

"கீழ் வீட்டுச் செல்வி. பூண்டுக் குழம்பு கொண்டாந்திருக்குது" என்றார் கணவர்.

"ஜெபம் பண்ணுனதா, பண்ணாததான்னு கேளுங்க!"

'பண்ணலைங்க' என்று ஒரு சொல் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

"பண்ணுனதுதானுங்க்கா. பச்சத்தண்ணி குடிச்சாலும் பண்ணித்தான் குடிப்பேன். புடிக்கலீன்னா வெச்சுருங்க. நாளைக்கும் கொண்டாருவேன்."

மறுநாள் போசி தொடாத குழம்போடு என் வாசலில் இருந்தது. கொட்டிவிட்டுப் புதிதாக வைத்துக் கொண்டுபோனேன். அதுவும் அப்படியே திரும்பியது. "உனக்கு ரோசமே இல்லையா?" என்றார் வீட்டுக்காரர். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நான் வைத்தது அடியல்ல, குழம்பு! மறுபடியும் ஏறினேன்.

அடுத்த நாள் காலையில் போசியைத் தூக்கினேன். கனக்கவில்லை. மூடியைத் திறந்தேன். கழுவித் துடைத்திருந்தது. அடியில் ஒரு கை நாட்டுச்சர்க்கரை.

வாசலிலேயே முழங்காலிட்டேன். என் தேவன் என் கையை மூடவிடவில்லை. அன்றிலிருந்து மேலே குழந்தையின் அழுகையும் ஓய்ந்தது.

மல்லிகா அக்கா இன்னும் விசுவாசிக்கவில்லை. இன்றும் என்னை "ஏய் அல்லேலூயா" என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் ஞாயிறு காலை ஈஸ்ட் பிரன்ஸ்விக் சபை வாசலில் என்னைக் காரில் இறக்கிவிடுவதும் அவர்தான். எங்கள் வீட்டுக்காரரோ, நான் ஜெபித்து முடிக்கும்வரை சோற்றில் கை வைக்காமல் காத்திருக்கிறார்.

உங்களையும் ஒருநாள் கதவுக்குள்ளிருந்து யாராவது கேட்பார்கள்: பண்ணினதா, பண்ணாததா? பண்ணினதுதான் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு மறுநாளும் அடுப்பைப் பற்றவையுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.